காலநிலை இடம்பெயர்ந்தோர் உரிமைகள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி

புயல், வெள்ளம், வறட்சி, கடலரிப்பு, விளைநிலத்தில் உப்பு ஏறுதல் ஆகியவற்றால் வாழ்ந்த இடத்தைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ விட்டுச் செல்ல நேர்ந்தவர்கள் காலநிலை இடம்பெயர்ந்தோர் எனப்படுகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியோடும் அதன் சுற்றுவட்டாரத்தோடும் இவர்களில் இரு சாரார் தொடர்புடையவர்கள். கிழக்கிந்தியாவிலிருந்து வேலை தேடி வருபவர்கள் ஒரு சாரார். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, வேகவதி ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் மற்றொரு சாரார். அரசு ஆவணங்களில் முதல் சாரார் புலம்பெயர் தொழிலாளர். இரண்டாம் சாரார் நீர்நிலை ஆக்கிரமிப்பாளர். காலநிலையால் வீடிழந்தவர் என்ற சட்டநிலை இரு சாராருக்கும் இல்லை; ஆகவே அதற்குரிய உரிமையும் இல்லை.

பகுதியும் நீரோட்டமும்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியும் அதன் தெற்கிலும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் ஆலையும் இயங்கத் தொடங்கின. பின்னர் கைபேசி, மின்னணுப் பொருள் ஆலைகள் பெருகின.

இந்த மண் ஏரிகளால் ஆனது. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும் பழைய அமைப்பில் பல ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குச் சேர்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரியின் உபரி அடையாற்றில் விழுகிறது. நீர்ப்பிடிப்பு நிலத்தில் தார்ச்சாலையும் கான்கிரீட் தளமும் கூடக்கூட, மண்ணில் இறங்க வேண்டிய மழை உடனே வெள்ளமாக ஓடும்.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை வீடுகள் மூழ்கின. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஏரி நீர் மேலாண்மையில் நேர்ந்த தவறுகளைச் சுட்டி இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதி ஆலைகள் பல உற்பத்தியை நிறுத்தின.

வந்து சேர்ந்தவர்கள்

ஒடிசா, மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலத்தவர் இங்கே கட்டுமானத்திலும் உதிரிபாக ஆலைகளிலும் கிடங்குகளிலும் பெரும்பாலும் கான்ட்ராக்ட் முறையில் வேலை செய்கின்றனர். எல்லோரும் காலநிலையால் வந்தவர்கள் அல்லர். கடன், துண்டு நிலம், ஊரில் வேலையின்மை ஆகியவற்றோடு புயலும் வெள்ளமும் சேரும்போதுதான் பெரும்பாலும் ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புகிறது.

சுந்தரவனத்தில் 2009 மே மாதம் வீசிய ஐலா புயல் கரைகளை உடைத்துக் கடல்நீரை வயலுக்குள் விட்டது. உப்பேறிய நிலத்தில் நெல் விளையாமல் போனதால் ஆண்கள் கூட்டமாகத் தென்மாநிலங்களுக்கு வேலைக்குப் போனார்கள். 2020 மே மாதம் அம்பான் புயல் அதே கரைகளை மீண்டும் உடைத்தது. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் சதபாயா ஊர்த்தொகுதியின் ஊர்களைக் கடல் ஒவ்வொன்றாக விழுங்கியது. எஞ்சிய குடும்பங்களை அம்மாநில அரசு 2018இல் பாகபாட்டியாவில் குடியமர்த்தியது. இந்தியாவில் கடலரிப்புக்காக அரசு திட்டமிட்டுச் செய்த தொடக்ககால மறுகுடியமர்வுகளில் இது முக்கியமானது. வீட்டுமனை கிடைத்தாலும் விளைநிலத்துக்கு ஈடு கிடைக்காததால் பிழைப்புக்காக இளைஞர்கள் மீண்டும் வெளியூர் போக நேர்ந்தது.

காலநிலையால் இப்படி ஊரைவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசிடம் கணக்கில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடப்பெயர்வுக்கான காரணங்களுள் இயற்கைச் சீற்றமும் ஒன்றாக இருந்தது. 2001, 2011 கணக்கெடுப்புகளில் அது நீக்கப்பட்டது.

அகற்றப்பட்டவர்கள்

2015 வெள்ளத்தை அடுத்து அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கம், எழில் நகர், கூடப்பாக்கம் குடியிருப்புகளுக்கும், காஞ்சிபுரத்தில் வேகவதிக் கரைக் குடும்பங்கள் கீழ்கதிர்ப்பூருக்கும் மாற்றப்பட்டன. 2021இல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இக்குடியிருப்புகளை நிர்வகிக்கிறது. வீட்டு வேலை, கட்டட வேலை, தெரு வியாபாரம் என்று நகரத்தோடு பிணைந்த பிழைப்பு, குடியிருப்பு தொலைவாகிப் போனதும் அறுந்தது. பள்ளி ஆண்டின் நடுவே மாற்றப்பட்ட பிள்ளைகள் பலர் படிப்பை இழந்தனர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் சூழ்ந்தது. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி மாற்றப்பட்டவர்கள் மறுபடி வெள்ளத்தில் நின்றார்கள்.

இந்தியச் சட்டம்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்துக்கு வழி செய்கிறது; நிரந்தர மறுகுடியமர்வை உரிமையாக்கவில்லை. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் அரசு எடுக்கும் நிலத்துக்கு இழப்பீடும் மறுவாழ்வும் தருகிறது. கடல் எடுத்த நிலம் அதில் அடங்காது. 15ஆவது நிதி ஆணையம் கடல், ஆற்று அரிப்பால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது ஒரு தொடக்கம்.

தொழிலாளருக்கு 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் பயணப்படியும் தங்குமிடமும் வகுத்தது. தானாக வந்தவர் அதில் சேரவில்லை. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மாதம் 18,000 ரூபாய்வரை ஊதியம் பெறுபவர்களில் தானாக வந்தவரையும் சேர்த்தது. சொந்த மாநில ரேஷன் அட்டையைக் கொண்டு வந்த இடத்திலேயே பொருள் பெற உதவும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு இணைந்தது.

2024இல் ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அடங்கிய உரிமை என்றது. இடம்பெயர்ந்தோர் தம் கோரிக்கையை எழுப்புவதற்கு இன்று உறுதியான அடித்தளம் இத்தீர்ப்பு.

உலகப் பொறுப்பு

1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சுவோரையே காக்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்வோருக்காக ஐ.நா. 1998இல் வகுத்த வழிகாட்டு நெறிகள் இயற்கைப் பேரிடரையும் சேர்க்கின்றன. எனினும் அவை எந்த நாட்டையும் கட்டுப்படுத்துவதில்லை. கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக ஆப்பிரிக்க நாடுகள் 2009இல் கம்பாலாவில் ஏற்றது முன்மாதிரி.

கிரிபாட்டி தீவுநாட்டைச் சேர்ந்த யோவானே டெய்டியோட்டா, தன்னைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பியதை எதிர்த்துச் செய்த முறையீட்டை ஐ.நா. மனித உரிமைக் குழு ஏற்கவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான காலநிலை நிலவும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உயிர்வாழும் உரிமையை மீறக்கூடும் என்று 2020 ஜனவரியில் வெளியான முடிவில் அது ஒப்புக்கொண்டது. துவாலு மக்களில் ஆண்டுக்கு 280 பேர் குடியேற ஆஸ்திரேலியா உடன்பாடு செய்துள்ளது.

தொழிற்புரட்சிக் காலம் முதல் வெளியான கரிமவாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு சுமார் 3 விழுக்காடு. பொறுப்பு பொது, அளவு வேறு என்ற நெறியை 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை ஏற்றதற்கு அடிப்படை இந்த ஏற்றத்தாழ்வுதான். 2022இல் ஷரம் அல் ஷேக் மாநாட்டில் இழப்பு–சேத நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. மறு ஆண்டு துபாயில் அதற்கு வாக்களிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். 2024இல் மட்டும் பேரிடர்களால் உலகில் 4.58 கோடி உள்நாட்டு இடப்பெயர்வுகளும், இந்தியாவில் 54 லட்சமும் பதிவாயின என்பதோடு ஒப்பிட்டால் அத்தொகை மிகச் சிறிது. 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் ஈடுசெய்யும் பொறுப்பும் எழலாம் என்று கருத்துரைத்தது.

செய்ய வேண்டியவை

வளர்ந்த நாடுகளின் கடனைச் சுட்டுவது சரி. அது நம் கடமையைத் தள்ளிப்போடும் சாக்காகக் கூடாது. கணக்கெடுப்பிலும் தொழிலாளர் பதிவிலும் இடப்பெயர்வின் காரணம் தனியே பதியப்பட வேண்டும். மறுகுடியமர்வு இடம்பெயர்வோரின் ஒப்புதலோடும், பிழைப்புக்கும் பள்ளிக்கும் அருகிலும், வெள்ளம் ஏறாத நிலத்திலும் நடக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளரின் தங்குமிடத்துக்கும் வெள்ளக்கால ஊதியத்துக்கும் முதன்மை ஆலைகள் பொறுப்பேற்க வேண்டும். இழப்பு–சேத நிதி அரசுகளோடு நின்றுவிடாமல் வீடிழந்த குடும்பங்களைச் சென்றடைய வேண்டும். காலநிலையால் இடம்பெயர்ந்தோரின் உரிமைகளை வரையறுக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இதுவரை இயற்றப்படவில்லை. அதை இயற்றுவது நாடாளுமன்றத்தின் கடமை.