உப்பும் குரோமும்: மிச்சம் யார் கணக்கில்?

முட்டுக்காட்டுப் பாலத்தில் நின்றால் ஒருபுறம் படகுத்துறை, மறுபுறம் கடல். உள்ளே தள்ளிப்போனால் கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்கள். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: “உப்பு கடலுக்குத்தான் தம்பி திரும்பணும். நடுவுல எங்க கொட்டினாலும் மண்ணு செத்துப்போயிடும்.”

‘பசுமை வேதியியல்’ கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். 1991இல் பாரி டிராஸ்ட் ‘அணுச் சிக்கனம்’ என்ற அளவுகோலை முன்வைத்தார். 1998இல் பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் 12 கோட்பாடுகளைத் தொகுத்தனர். உள்ளே போட்டதில் எவ்வளவு பண்டமாக வெளிவருகிறது, மிச்சம் எங்கே போகிறது என்பதே கேள்வி. இதை நம் தோல் தொழிலின் வரலாற்றின்மேல் வைத்துப் பார்க்கலாம்.

சென்னை மாகாணத்தில் தோல் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறியது. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்தார். கவலை ஏற்றத்தின் தோல்சால் தண்ணீரில் சீக்கிரம் மக்காமல் இருக்கவேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. கிணற்றுத் தண்ணீரை இறைக்க வந்த வேதியியல், பின்னாளில் கிணறுகளையே குடிக்க லாயக்கற்றதாக்கியது. இந்த முரணை வெறும் விபத்தென்று ஒதுக்கிவிட முடியாது.

1970களில் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடையும் அரைப்பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடும் வந்தன. முடித்த தோலே டாலர் தரும் என்றானபின் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் குரோம் வேகமாகப் பரவியது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. அதற்குப் பெயர் ‘திறன்’. ஆனால் சுருங்கியது மூலதனத்தின் காலம் மட்டுமே. ஒரு டன் உப்பிட்ட பச்சைத்தோல் ஏறத்தாழ 200 கிலோ தோலாகத்தான் முடிகிறது. வழக்கமான முறையில் குரோமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகிறது. கூடவே பதப்படுத்தப் போட்ட உப்பு. முதலாளியின் பேரேட்டில் ஏறாத இந்த மிச்சம் பாலாற்றின் கணக்கில் ஏறியது.

அதற்காக ஆவாரம்பட்டைக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அந்தக் குழிகளில் இறங்கி நின்றவர்கள் யார், ஊர் அவர்களை எங்கே வைத்திருந்தது என்பதும் வரலாறுதான். ‘இயற்கை’ என்ற சொல் சாதியை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை 1995இல் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு வெட்டவெளியில் மலையாக நின்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பர் 11இல் ஜெகந்நாத் வழக்கில் கடலோர இறால் பண்ணைகள் பற்றிய தீர்ப்பு வந்தது. உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் வழக்கு ஒன்றுதான்: மிச்சத்தை யார் சுமப்பது?

அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரில்லாக் குரோம் பதனிடும் முறையை உருவாக்கியது. அமிலமும் உப்பும் சேர்க்கும் ஒரு கட்டமே அதில் தேவைப்படுவதில்லை. குரோமும் பெருமளவு தோலிலேயே ஏறிவிடுகிறது. குழாயின் கடைசியில் வடிகட்டுவதைவிட, முதலிலேயே போடாமலிருப்பது மேல். இதை அறிவியலின் சாதனை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் வடிகட்டும் பாதை என்ன செய்தது? ஆலைகள் கழிவுநீரைக் காய்ச்சித் தண்ணீரை மீட்டன. எஞ்சிய கலப்பு உப்பு எதற்கும் உதவாமல் கொட்டகைகளில் குவிந்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பின் மிச்சமும் உழைப்பவர் தலையில்தான் விழுந்தது.

அணுவுக்குச் சிக்கனம் பார்க்கும் அறிவியல் வேண்டும்தான். அந்தக் கணக்கில் உடம்புகளையும் ஊர்களையும் சேர்ப்பது அரசியலின் வேலை. அதை எந்த ஆய்வுக்கூடமும் நமக்காகச் செய்து தராது. பாலாறு, முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கல்பாக்கத்தைத் தாண்டிக் கடலில் சேருகிறது. உப்பு கடலுக்குத் திரும்பவேண்டும் என்றார் அந்த அம்மா. திரும்புகிற வழியில் யார்மேல் ஏறி நடந்தது என்பதுதான் நாம் எழுதவேண்டிய வரலாறு.