காணொளியும் ஏதுவும்: 2023 திருப்பூர் வதந்திகளை மணிமேகலை வழி வாசித்தல்

திருப்பூரின் அருள்புரம் முதலிய பனியன் கம்பெனிப் பகுதிகளில் கட்டிங், செக்கிங், அயர்னிங் என எந்தப் பிரிவில் நின்றாலும் தமிழோடு இந்தியும் காதில் விழும். காணொளிகள் இங்கே இரண்டு எதிரெதிர் அச்சங்களை வளர்க்கும். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதுவே நடந்தது.

ஜனவரி இறுதியில், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் காட்சி பரவியது. டீக்கடைத் தகராறு ஒன்று ஊர்மீதான படையெடுப்பாக வாசிக்கப்பட்டது. மார்ச் முதல் வாரத்தில் கதை தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகாரிகள் கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் சுற்றின. அவற்றுள் ஒன்று ஜோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் வெட்டப்பட்ட காட்சி. வேறு இரண்டைப் பற்றி அன்றைய தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார்: ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தமக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவை உள்ளூர்க்காரர்களின் சண்டை. ஹோலிக்கு ஊர் திரும்பிய கூட்டம்கூட வதந்திக்குச் சான்றாயிற்று. பீகார் அரசின் குழு திருப்பூர்வரை வந்து விசாரித்தது.

ஜனவரி, மார்ச் வதந்திகள் இரண்டையும் 'பொய்ச்செய்தி' என்று ஒரே பெயரில் அடக்குவது பிழை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 29ஆம் காதையில் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவவேண்டிய கூற்றும் அது பேசும் பொருளும்), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என வாதத்தைப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நேரும் போலிகளையும் வகைப்படுத்துகிறார். அந்த அளவுகோலில் ஜோத்பூர்க் காட்சி அசித்தம்: காட்டப்படும் ஏது, தமிழ்நாடு என்ற பக்கத்தில் இல்லவே இல்லை. ஜனவரிக் காட்சி அப்படியல்ல. சம்பவம் உண்மை, இடமும் உண்மை. ஆனால் 'வடமாநிலத்தார்' என்ற ஏது, வன்முறையாளரிடமும் மற்றவரிடமும் ஒருசேரக் காணப்படுவதால் எதையும் நிறுவாது. அது அநைகாந்திகம்.

உண்மை சரிபார்ப்பவர்கள் முதல் வகையைத்தான் பிடிக்க முடியும். இரண்டாவதில் திருத்துவதற்குத் தவறான தகவலே கிடையாது, முடிவு மட்டுமே தவறு. ஊடகக் கல்வி சரிபார்ப்புக் கருவிகளோடு நின்றுவிடக் கூடாது என்று நான் வாதிடுவது இதனால்தான்.

தர்க்கம் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. சொல்பவர்மீதான நம்பிக்கையும் கேட்பவரின் மனநிலையும் வாதத்துக்கு இணையான வலுவுடையவை என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து தெரிந்ததே. குறளும் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை எனச் சொல்லுக்கும் அவைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வைத்திருக்கிறது. காவல்துறையின் மறுப்பு இந்தியிலும் வெளிவந்தது சரியான அவையறிதல். ஆனால் ஊரிலிருந்து பதறி அழைக்கும் தாயின் குரலுக்கு முன் அறிக்கை எம்மொழியில் இருந்தாலும் பின்தங்கும்.

நம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்புகள் பெரும்பாலும் கேமராவையும் எடிட்டிங்கையும் கற்பிக்கின்றன. தமிழ்த்துறைகளில் 29ஆம் காதை பௌத்த தத்துவமாக, அதுவும் அவசரமாக, நடத்தப்படுகிறது. பேச்சுப் பயிற்சி என்றால் பட்டிமன்றம். அங்கே கைதட்டல் ஏதுவுக்குக் கிடைப்பதில்லை, நகைச்சுவைக்குத்தான். இரு துறைகளும் சேர்ந்து ஒரு தாள் நடத்தத் தடையேதும் எனக்குத் தெரியவில்லை. திருப்பூர்ப் பகுதிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் அக்காதையையும் இந்தக் காணொளிகளையும் ஒரே தாளில் வைக்க வேண்டும். வகுப்புக்குத் தொழிலாளர்களையும் அழைக்க வேண்டும்.