பெயர் போடாத வாத்தியார்கள்

மலருக்காகப் பழைய பெட்டியைக் கிளறியபோது 1983 கலைவிழாப் படம் அகப்பட்டது. நம் கல்லூரி மெல்லிசைக் குழு. பாடகர் முன்னால் நிற்கிறார். டிரம்ஸுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறதே, அது அடியேன். பேஸ் கிடார்காரனுக்கு எந்த மேடையிலும் அதுதான் இடம்!

நாலே கம்பி. கிடாரின் தடித்த நாலு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி. வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் பாட்டு பொத்தென்று விழும். அதைச் சொல்லிக்கொடுக்க அன்று எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கேசட்தான் வாத்தியார். 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' பாட்டுகளை விடுதி அறையில் ஓட்டி ஓட்டி நாடாவே தேய்ந்தது. அட்டையில் பாடியவர்கள், எழுதியவர், இசை இளையராஜா. பேஸ் வாசித்தது யாரு? அது மட்டும் இல்லை. அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்று நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. லியோ ஃபெண்டர் 1951ல் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவருவதற்கு முன், ஆள் உயரத்தைத் தாண்டும் டபுள் பேஸை நிறுத்திவைத்துத்தான் பெரும்பாலும் வாசித்தார்கள். ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) அதில் ஜாஸ் பழகியவர். தெற்கு கரோலினாவில் பிறந்து 1954ல் டெட்ராய்ட்டுக்கு வந்தவர். மோட்டவுன் கம்பெனியின் ஸ்டூடியோவில் ஃபெண்டரை எடுத்த பிறகும் பழைய கை அவரை விடவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர். கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். ஜாஸ்காரர்கள் ஸ்வரம் ஸ்வரமாக நடந்து போவதை மூன்று நிமிஷப் பாப் பாட்டுக்குள் கொண்டுவந்து, நடுவில் எதிர்பாராத இடத்தில் ஒரு தாண்டு தாண்டுவார். 1967ல் ஃபோர் டாப்ஸ் பாடிய 'பெர்னடெட்' கேட்டுப் பாருங்கள், புரியும். சுப்ரீம்ஸ், ஸ்டீவி வொண்டர் என்று எத்தனையோ பேர் தட்டுகளில் அவர் இருக்கிறார், உறையில்தான் இல்லை. 1971ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டது.

அந்தத் தட்டுகளைக் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. 1961ல் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் குழுவை விட்டு விலகியதால் பேஸ் இவர் தலையில் விழுந்தது. ஜேமர்சனைக் கேட்டுக் கேட்டே கற்றதாகவும், பெயர் தெரிந்தது ரொம்பப் பின்னால்தான் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். 1966ல் பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' வந்தது. பேஸ் எப்போதும் ராகக்கட்டின் அடி ஸ்வரத்திலேயே உட்கார வேண்டியதில்லை என்பதை பிரையன் வில்சனிடமிருந்து எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் 'சார்ஜண்ட் பெப்பர்'. அதில் பேஸ் தனிப் பாட்டு மாதிரியே ஓடுகிறது. ஆனால் அது ஜேமர்சன் இல்லை. அவர் ஒற்றை விரல். இவர் பெரும்பாலும் பிளெக்ட்ரம், அதுவும் இடது கை. கை வேறானால் நகலும் வேறாகிவிடுகிறது.

ஜாகோ பஸ்டோரியஸ் (1951–1987) பற்றி ஒரே ஒரு விஷயம். ஜெர்ரி ஜெம்மாட்டின் வாசிப்பைத் தட்டில் கேட்டு வளர்ந்த ஃப்ளாரிடாப் பையன். பிறகு உலகமே அவரை நகல் எடுத்தது. 1985ல் அவர் ஒரு பாட வீடியோ செய்தபோது எதிரே உட்கார்ந்து பேட்டி கண்டவர் அதே ஜெம்மாட்!

நம்ம கதைக்கு வருகிறேன். கலைவிழாவுக்கு முந்தின ராத்திரி ஒத்திகை. கேசட்டை ஒரு ஸ்வரம் விடாமல் எடுத்துவிட்டதாக எனக்கு மிதப்பு. கிடார் வாசித்த சீனியர் அண்ணன் கேட்டுவிட்டு, "டேய், அவர் வாசிச்சதை எல்லாம் எடுத்துட்டே. வாசிக்காம விட்ட இடத்தை எடுக்கலையே!" என்றார். விடிய விடிய மறுபடி கேட்டேன். ஓரிடத்தில் என் சுண்டு விரல் எட்டவே இல்லை. வேறு வழியில்லாமல் கீழேயிருந்து வழுக்கிப் போய்ச் சேர்ந்தேன். மேடையில் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இறங்கியதும், "அந்த வழுக்கல் எங்கேடா பிடிச்சே?" என்றார். நாற்பது வருஷமாக அதை வாசிக்கிறேன். இப்போது விரல் எட்டும் இடத்தில்கூட.

இன்றைய தம்பி தங்கைகள் போனில் வேகத்தைக் குறைத்துக் கேட்கிறார்கள், விரலையும் பார்க்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

படத்தின் பின்பக்கம் யார் பெயரும் எழுதவில்லை. நேற்று பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினேன். தபேலா வாசித்தவன் பெயர் மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. ஒரு வருஷம் ஜூனியர், கண்ணாடி போட்டிருப்பான். தெரிந்தவர்கள் சந்திப்பு அன்று சொல்லுங்கள். படத்தோடு வருகிறேன்.

— பி.எஸ்ஸி. இயற்பியல், 1981–84