தப்பாகிப் போன ஒரு கணக்கு

ஆபீஸ் போற வழியில புதுசா ஒரு மேம்பாலம் திறந்தாங்க. முதல் மாசம் சொர்க்கம். நாற்பது நிமிஷ பயணம் இருபத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. ஆறாவது மாசம் மறுபடியும் நாற்பது. முன்னாடி கீழ நின்னோம், இப்ப மேல நிக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

இதுக்கு ஒரு ஆங்கிலேயர் எப்பவோ விளக்கம் சொல்லிட்டுப் போயிட்டார். மத்திய லண்டன்ல வண்டிகளோட சராசரி வேகம் என்னைக்கும் மணிக்கு 9 மைல்தான் (சுமார் 14 கிலோமீட்டர்) இருக்கும்னார். ஏன்னா ஜனங்க பொறுத்துக்கற குறைந்தபட்ச வேகம் அதுதானாம். அதாவது, ரோட்டை அகலமாக்கினா இத்தனை நாள் ரயில்ல போனவரும் காரை எடுத்துட்டு வந்துடுவார். வேகம் 9-க்கு இறங்கினதும் சிலர் சலிச்சுப்போய் திரும்ப ரயிலுக்கே போயிடுவாங்க. கணக்கு அங்கேயே நிக்கும்.

அவர் பேர் ரூபன் ஸ்மீட் (1909 - 1976). பிரிட்டிஷ் அரசாங்கத்தோட சாலை ஆராய்ச்சிக் கூடத்துல துணை இயக்குநரா இருந்தவர். இந்த மாதிரி ஒரு அரசாங்க விஞ்ஞானிக்கு என்னதான் வேலைன்னு யோசிச்சுப் பார்த்தா கொஞ்சம் விசித்திரமா இருக்கு. ரோடு போடறது இல்லை. சட்டம் போடறது இல்லை. லைசென்ஸ் கொடுக்கறதும் இல்லை. எண்ணிப் பார்த்து, கணக்குப் போட்டு, உண்மை இதுதான்னு மேல எழுதி அனுப்பணும். மேல இருக்கறவங்க அதைப் படிக்கலாம், படிக்காம அலமாரியில வைக்கவும் செய்யலாம்.

ஸ்மீட் இந்தப் பாடத்தைக் கத்துக்கிட்ட இடம் ரோடு இல்லை, ஆகாயம். இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டனோட குண்டுவீச்சு விமானப்படைத் தலைமையகத்துல கணக்குப் போடற பிரிவுல இருந்தார். 1943-ல் அவர்கிட்ட வேலைக்கு வந்து சேர்ந்த பத்தொன்பது வயசுப் பையன் ஃப்ரீமன் டைசன். ஆமா, பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அதே இயற்பியலாளர்தான். அந்தக் காலத்தைப் பத்தி டைசன் பிற்பாடு எழுதியிருக்கார். அனுபவம் கூடக் கூட விமானிகள் உயிரோட திரும்பற வாய்ப்பும் கூடும்னு படையில எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. கணக்கு அப்படிச் சொல்லலை. புதுசா வந்தவனும் சாகறான், இருபது தடவை போய்வந்தவனும் அதே விகிதத்துல சாகறான். விமானத்துல இருக்கற ரெண்டு துப்பாக்கிக் கூண்டுகளையும் கழட்டிட்டா எடை குறையும், வேகம் கூடும், ஏழு பேருக்குப் பதிலா அஞ்சு பேர் போனா போதும்னு ஸ்மீடுக்கும் டைசனுக்கும் தோணியிருக்கு. விமானம் விழுந்தாலும் ரெண்டு உயிர் மிச்சம். ஆனா இது தளபதி கேட்க விரும்பற விஷயம் இல்லை. அதனால கூண்டும் கழலலை, ஆளும் குறையலை.

படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சுருக்னு இருந்தது. வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல சிவப்பை மஞ்சளா மாத்தி அனுப்பின பாவி நானும்தான். நம்ம கேஸ்ல ரிலீஸ் தள்ளிப்போகும். அங்க?

போர் முடிஞ்சு 1947-ல் சாலை ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். 1949-ல் ஒரு கட்டுரை எழுதினார். 20 நாடுகளோட 1938-ஆம் வருஷப் புள்ளிவிவரத்தை வெச்சு, சாலை விபத்துச் சாவுகளுக்கு ஒரே ஒரு சூத்திரம். மக்கள்தொகையை ரெண்டு தடவை பெருக்குங்க, அதோட வண்டிகளோட எண்ணிக்கையையும் பெருக்குங்க. வர்ற தொகைக்கு கனமூலம் எடுத்து 0.0003-ஆல் பெருக்கினா, ஒரு வருஷத்துச் சாவு எண்ணிக்கை. அவ்வளவுதான். ரோடு எப்படி, சட்டம் எப்படி, டிரைவர் எப்படின்னு ஒண்ணுமே சூத்திரத்துல கிடையாது! வண்டி எட்டு மடங்கானா சாவு ரெண்டு மடங்காகும். ஒவ்வொரு நாடும் தான் பொறுத்துக்கற அளவுக்குச் சாவு வந்ததும்தான் விழிச்சுக்கும்ங்கறது இதுக்குச் சொல்லப்படற விளக்கம். அதே 9 மைல் தத்துவம்தான், இங்க அலகு மட்டும் மைல் இல்லை, பிணம்.

ரொம்ப விரக்தியான ஆசாமியா இருப்பார் போலிருக்கேன்னு நினைச்சேன். அப்புறம்தான் அவரோட 1964 அறிக்கை கண்ணுல பட்டது.

போக்குவரத்து அமைச்சகம் 1962-ல் ஸ்மீட் தலைமையில ஒரு குழு போட்டது. நெரிசல் இருக்கற ரோட்டுல ஓட்டறதுக்குக் காசு வாங்க முடியுமா, அது உருப்படுமான்னு பார்க்கச் சொன்னாங்க. அந்த அறிக்கையோட ஒரு பகுதி அப்படியே நம்ம ரெக்வயர்மென்ட்ஸ் டாக்குமென்ட் மாதிரி இருக்கு. எவ்வளவு ஓட்டறாங்களோ அதுக்கேத்த கட்டணம் இருக்கணும். இடத்துக்கும் நேரத்துக்கும் வண்டிக்கும் தக்கபடி அது மாறணும். கட்டணம் எவ்வளவுன்னு முன்கூட்டியே தெரியணும். ஏமாத்த முடியக்கூடாது, பாமரனுக்கும் புரியணும். வண்டியில மீட்டர் வெச்சு இதையெல்லாம் செய்யலாம்னு 1964-லயே எழுதிட்டாங்க.

யோசிச்சுப் பார்த்தா இது 9 மைல் தத்துவத்துக்கு அவரே எழுதின மாற்று மருந்து. ரோட்டுக்கு இப்பவும் விலை இருக்கு, அதை நம்ம பொறுமையில கட்டிக்கிட்டு இருக்கோம். அதைக் காசா வாங்கினா கணக்கு மாறும்.

அந்த வருஷம் அக்டோபர்ல ஆட்சி மாறிச்சு. அறிக்கை அலமாரிக்குப் போச்சு. காரு வெச்சிருக்கறவன் ஓட்டு யாருக்கு வேண்டாம்?

முதல்ல துணிஞ்சது லண்டன் இல்லை, சிங்கப்பூர். 1975 ஜூன்ல நகர மையத்துக்குள்ள காலை நேரத்துல காரோட நுழையணும்னா ஒரு நாளைக்கு 3 வெள்ளி கட்டி உரிமச்சீட்டு வாங்கி ஒட்டணும்னு ஆக்கினாங்க. நாலு பேரா சேர்ந்து வந்தா இலவசம். மறுவருஷம் ஸ்மீட் காலமானார். லண்டன்ல நெரிசல் கட்டணம் வந்தது 2003 பிப்ரவரி 17-ல், 5 பவுண்ட். அறிக்கை வந்து 39 வருஷம் ஆகியிருந்தது!

சரி, அந்தச் சாவுச் சூத்திரம் என்ன ஆச்சு? நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பிரிட்டனுக்கு 2022-ல் சுமார் 17,000 சாவு வரணும். நிஜத்துல வந்தது 1,700 சொச்சம். பத்துல ஒரு பங்கு! 1966-ல் அங்க 7,985 பேர் செத்தாங்க. மறுவருஷம் குடிச்சுட்டு ஓட்டறவங்களுக்கு மூச்சுச் சோதனைச் சட்டம் வந்தது. 1983-ல் முன்சீட்டுக்காரங்களுக்கு சீட் பெல்ட் கட்டாயம். ரோடு, வண்டி, ஆஸ்பத்திரின்னு ஒவ்வொண்ணா சரி பண்ணி, ஸ்மீட் விதியைப் பொய்யாக்கிட்டாங்க. அவர் வேலை பார்த்த அதே ஆராய்ச்சிக்கூடம்தான் இதுல பலதுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தக் கூடத்தை 1996-ல் தனியாருக்கு வித்துட்டாங்கங்கறது தனிக்கதை.

நமக்கும் போட்டேன். 140 கோடி ஜனம், பதிவுக் கணக்குல சுமார் 35 கோடி வண்டி. சூத்திரப்படி 2,60,000. அரசு அறிக்கைப்படி 2022-ல் செத்தவங்க 1,68,491 பேர். ‘பரவாயில்லையே, குறைவாத்தானே இருக்கு’ன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அப்புறம் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல.

அவங்க பத்துல ஒண்ணுக்கு இறங்கிட்டாங்க. நாம மூணுல ரெண்டுல நிக்கிறோம். விதி, தலையெழுத்துன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இது ஜாதகம் இல்லைங்க. நாம எவ்வளவு பொறுத்துக்கறோம்கிறதோட அளவு. ஸ்மீட் மாதிரி ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொன்னா, அதைப் பொய்யாக்கிக் காட்டறதுதான் அவருக்குச் செய்யற மரியாதைன்னு எனக்குப் படுது.

நாளையிலேர்ந்து பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் ஹெல்மெட். அப்புறம், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல சிவப்பு இருந்தா சிவப்பாவே அனுப்பலாம்னு இருக்கேன். மேனேஜர் என்ன சொல்றார்னு பார்ப்போம் :-)