பட்டா வேண்டாத ஜனங்கள்

வீட்டுக்குப் பட்டா தருகிறோம் என்று சர்க்கார் சொல்ல, வேண்டவே வேண்டாம் என்று குடியிருந்தவர்கள் மறுத்த கதை ஒன்று உண்டு. முதலில் படித்தபோது நானே நம்பவில்லை. பட்டாவுக்காகத் தாலுகா கச்சேரியில் தவம் கிடக்கும் தேசத்துக்காரன் அல்லவா!

பிரேஸிலுக்கும் அர்ஜெண்டீனாவுக்கும் நடுவே உள்ள சின்ன நாடு உருகுவே. அங்கே 1966-ல் மூன்று ஊர்களில் ஏழைக் குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டத் தொடங்கின. 1968-ல் வந்த வீட்டு வசதிச் சட்டம் அந்த முறையை அங்கீகரித்தது. சர்க்கார் நீண்ட காலக் கடன் கொடுக்கும்; முன்பணத்துக்கு வழியில்லாத குடும்பம் உழைப்பைக் கொடுக்கும். கணக்கு, வாரத்துக்கு 21 மணி நேரம். ஆலை வேலை முடிந்து வந்து கலவை சுமப்பது லேசான காரியமா? பெண்களும் சுமந்தார்கள். எந்த வீடு யாருக்கு என்பதைப் பெரும்பாலும் கடைசியில் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானித்தார்கள். தன் சுவரை மட்டும் ஒழுங்காக எழுப்ப யாருக்கும் வழியில்லை. இந்த யோசனை சொன்னவர் மனித சுபாவம் அறிந்தவர்!

வீடு சங்கத்துக்குச் சொந்தம். குடும்பம் தலைமுறையாக வாழலாம். சந்தையில் விற்க முடியாது. விலகினால் போட்ட பங்கைத் திரும்பப் பெறலாம். ஆகவே நகரத்தில் மனை விலை எங்கே ஏறினாலும், அடுத்து வரும் ஏழைக்கு அந்தக் கதவு அடைபடுவதில்லை.

1970-ல் சங்கங்கள் ஒரு சம்மேளனமாகச் சேர்ந்தன. 1973-ல் ராணுவ ஆட்சி வந்தது. ஒன்றாக உழைத்து, ஒன்றாகக் கூடிப் பேசுகிறவர்களை எந்த ராணுவத்துக்குப் பிடிக்கும்? 1983-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: சங்கத்தின் சொத்தைப் பிரித்து அவரவர் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். கேட்பதற்குத் தர்மம் போலத்தான் இருக்கிறது. இன்று பட்டா, நாளை கடன், மறுநாள் தரகர், பிறகு பழையபடி குடிக்கூலி என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது.

1984 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கையெழுத்து வாங்கினார்கள். ஒரே நாளில் மூன்று லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. நாட்டின் ஜனத்தொகையே அப்போது சுமார் முப்பது லட்சம். சட்டம் சங்கங்களைக் கலைக்கவில்லை. 1985-ல் ராணுவமே ஆட்சியை விட்டுப் போயிற்று.

ராணுவ ஆட்சியில் பெயரெழுதிக் கையெழுத்திடுவது விளையாட்டல்ல. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சங்கங்களில் வீடே கிடையாது.