வயலுக்கு எத்தனை பவுண்டு காத்து?

பிசான அறுப்பு முடிஞ்ச வயலை பஸ்ஸுல போகும்போது பார்த்திருப்பீங்க. அரிதாளுக்கு நடுவுல ரெண்டு கோடு அழுந்திக் கிடக்கும். நெல்லு ஏத்தின டிராக்டர் போன தடம். பின்னால உளுந்து விதைச்சா அந்தக் கோட்டுல மட்டும் செடி சவலையா நிக்கும். இந்தத் தடத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

தாமிரபரணி பாசனத்துல கார், பிசானம் ரெண்டு பூவும் தண்ணி நிக்கிற நஞ்சை. இரும்புப் பட்டா போட்ட மாட்டு வண்டியை ஈர வயலுக்குள்ள இறக்கினா சக்கரம் கத்தி மாதிரி இறங்கிரும். அதனால வண்டி கரையிலேயே நிக்கும், கட்டு தலைச்சுமையா வரும். உழவுக்கு மாடு இறங்கும். மாட்டுக் குளம்பும் மிதிக்கத்தான் செய்யும். ஆனா மாட்டு எடை கம்மி, அழுத்தம் மேலாக்க நின்னுரும்.

1888-ல டன்லப் காத்தடைச்ச டயரைக் கொண்டுவந்தார். அதுக்குப் பிறகும் டிராக்டர் ரொம்ப காலம் இரும்புச் சக்கரத்துலதான் ஓடிச்சு. 1932 வாக்குல அமெரிக்காவுல அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனிக்காரங்க ஃபயர்ஸ்டோன் டயரை மாட்டிப் பார்த்தாங்க. காத்தை 15 பவுண்டு அளவுக்குக் குறைச்சதும் டயர் அகண்டு மண்ணைப் பிடிச்சிக்கிட்டு. ரப்பர் மட்டும் போதாது, குறைஞ்ச காத்தும் வேணும்னு அப்பதான் தெரிஞ்சது. நம்ம பக்கம் டிராக்டர் பெருகினது 1960-ல சென்னையில டாஃபே தொடங்கின பிறகான காலத்துல. தொளி உழவுக்கு ரப்பர் வழுக்கும்னு இரும்பு கேஜ் வீலை மாட்டினாங்க. ஆக, தொளிக்கு இரும்பு. புழுதி உழவுக்கும் பாரத்துக்கும் ரப்பர்.

கணக்கு சுலபம். டயருக்குள்ள எத்தனை பவுண்டு காத்தோ, ஏறத்தாழ அதே அழுத்தம்தான் மேல்மண்ணுல விழும். 15 பவுண்டுன்னா சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 30 பவுண்டு அடைச்சா ரெண்டு கிலோ. மண்ணு ஈரமா இருந்தா சேதம் இன்னும் கூடும். ஆழத்துல இறுகறதுக்கு வண்டியோட மொத்த எடையும் காரணம். அதைக் காத்து குறைச்சு மட்டும் சரிக்கட்ட முடியாது.

அப்போ எப்பவும் குறைச்சே வைக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. குறைஞ்ச காத்தோட பாரம் ஏத்தி தார் ரோட்டுல வேகமா போனா, டயர் பக்கச்சுவர் மடங்கி மடங்கி சூடாகி வெடிப்பு விடும். ரிம்முல டயர் நழுவினா ட்யூப் வால்வு பிய்ஞ்சிரும். அதான் வயலுக்கு ஒரு அளவு, ரோட்டுக்கு ஒரு அளவு. பின் டயருக்கு வயல் வேலைன்னா பொதுவா 12-லிருந்து 15 பவுண்டு. எடைக்கேத்த சரியான அளவு டயர் கம்பெனி அட்டவணையில இருக்கும்.

சிக்கல் வாடகையில இருக்கு. டிராக்டர் மணிக்கணக்குல ஓடுது. ஒரே வண்டி காலையில செங்கல் ஏத்தும், மத்தியானம் வயலுக்கு வரும். காத்தை இறக்கி, திரும்ப அடைக்கிற பத்து நிமிஷத்துக்கு யாரும் காசு தர்றதில்ல. டிரைவருக்கு நஷ்டம், அதனால ரோட்டுக் காத்தோடயே இறங்குதாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? அந்தப் பத்து நிமிஷத்துக்கு நிலத்துக்காரர்தான் கூலி குடுக்கணும். குடுக்கலன்னா அடுத்த பருவத்துல உளுந்தா குடுக்கணும்.