உரிமம் பெறாத மொழிபெயர்ப்பும் வரலாறும்: ‘மதர் 3’ ஆட்டத்தை முன்வைத்து

மொழிபெயர்ப்பு வரலாறு பெரும்பாலும் பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்களையே சான்றாகக் கொள்கிறது. உரிமையாளர் கோராமல் ஆர்வலர் செய்த மொழிபெயர்ப்புகளும் அவ்வரலாற்றுக்கு உரியவை என்பதை இக்கட்டுரை நிகழ்பட ஆட்டம் ஒன்றின் வழி விளக்குகிறது.

ஷிகெசாட்டோ இடோய் கதையெழுதிய ‘மதர் 3’ ஆட்டத்தை நிண்டெண்டோ நிறுவனம் 2006 ஏப்ரல் 20 அன்று ‘கேம் பாய் அட்வான்ஸ்’ கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பு வராத நிலையில், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டலின் தலைமையில் ஆர்வலர் குழுவொன்று ஊதியமின்றி உழைத்து, 2008 அக்டோபரில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. ஆங்கிலத் தொடர்கள் சிறுதிரையில் பொருந்துமாறு நிரலையும் திருத்த வேண்டியிருந்தது.

இக்குழு ஆட்டத்தை வழங்கவில்லை. மூலத்திலிருந்து வேறுபடும் பகுதிகளை மட்டும் கொண்ட திருத்தக் கோப்பையே வழங்கியது. மூலத்தோடு சேர்ந்தே அக்கோப்பு பயன்படும். மூலத்தைச் சார்ந்தே பொருள்படும் உரையை இது ஒருவகையில் ஒத்தது எனலாம்.

2013இல் மாண்டலின் தம் மொழிபெயர்ப்பை நிண்டெண்டோ நிறுவனம் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என அறிவித்தார். ஆயினும் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு வெளிவரவில்லை. ஆகவே, உரிமம் பெற்ற பதிப்புகளை மட்டும் எண்ணும் வரலாறு, இவ்வாட்டம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படவே இல்லை என்று பதிவு செய்யும். அது பிழையான பதிவாகும்.

தமிழ்ச் சூழலுக்கும் இது பொருந்தும். பயர்பாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு உரிமத் தடை இல்லை. எனினும் அவற்றைத் தமிழாக்கிய தன்னார்வலர்களின் பணி நூற்பட்டியல்களுக்குள் அடங்குவதில்லை. கோப்புகள் அழியுமுன் அவற்றைத் தொகுப்பது மொழிபெயர்ப்பு வரலாற்றாய்வாளரின் கடமையாகும்.